மூழ்கித் திறக்கும் மடை: மதுரை மறைப்பணியில் செபமும் தொண்டும்

1606 நவம்பரில் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தபோது, சேசு சபைக் குரு ஒருவர் பத்தாண்டுகளுக்கு மேலாக அங்கே குடியிருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்பது அவர் பெயர். போர்த்துக்கீசியர், ஒருகாலத்தில் படைவீரர். முத்துக்குளித்துறையிலிருந்து வியாபாரத்துக்காக மதுரை வந்து தங்கும் பரதவக் கிறிஸ்தவர்களுக்கு அவர் பூசை வைத்தார். ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கச் சிறிய மருந்தகம் ஒன்றும் வைத்திருந்தார். மதுரை மக்கள் மருந்து வாங்கிக்கொண்டார்கள். அவருடைய மதத்தைப் பரங்கியர் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

நொபிலிக்கு அப்போது 29 வயது. அடுத்த ஆண்டே பெர்னாண்டஸின் வீட்டைவிட்டு வெளியேறித் தனிக் குடிசை போட்டுக்கொண்டார். காவி உடுத்தினார்; பாதக்குறடு அணிந்தார்; சோறும் காய்கறியும் பாலுமாக நாளுக்கு ஒரே வேளை சாப்பிட்டார். வெளியே நடமாடுவதை அறவே குறைத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்கள் வாசலில் காத்திருக்க வேண்டும். ஐயர் செபத்தில் இருக்கிறார் என்று சீடர் சொன்னால், திரும்பிப் போய் இன்னொரு நாள் வரவேண்டும்.

இந்த இருவருக்கும் மூண்ட பூசல் வரலாற்றில் பேர்போனது. 1610இல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். கோவாவில் விசாரணை நடந்தது. 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் பெருமளவுக்கு நொபிலியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பூணூல், குடுமி, சந்தனம், சாதி ஆசாரம் எனப் பண்பாட்டு வழக்காகவே இதை நாம் இதுவரை படித்துவந்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் அந்த வழக்குக்கு அடியில் இன்னொரு வழக்கும் ஓடுகிறது. துறவியின் வேலை எது: திறந்து வைத்த மருந்தகமா, சாத்திய செபக் கதவா? கத்தோலிக்க வாழ்வின் மிகப் பழைய இக்கேள்வி மதுரை மண்ணில் இரண்டு மனிதர்களாக எதிரெதிரே நின்றது. அதற்கு இந்த மண் படிப்படியாகக் கண்ட விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெத்தானியா வீட்டு வழக்கு

கேள்வியின் வேர் லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. பெத்தானியாவில் இரண்டு சகோதரிகளின் வீட்டுக்கு இயேசு வருகிறார். மார்த்தா அடுப்படியில் ஓடியாடி வேலை செய்கிறாள். மரியா அவர் காலடியில் அமர்ந்து கேட்கிறாள். தன்னைத் தனியே விட்டுவிட்டாளே என்று மார்த்தா முறையிட, மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்கிறார் இயேசு. விருந்தாளி வந்த வீட்டில் அடுப்படிப் பக்கமே போகாத தங்கச்சியைப் பாராட்டுவது நம் ஊர்ப் பெண்களுக்கு இன்றும் செரிக்காத தீர்ப்பு. பிரசங்கத்தில் இந்தப் பகுதி வரும்போதெல்லாம் கோயிலில் பெண்கள் பக்கம் ஒரு மெல்லிய சலசலப்பு எழுவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

திருச்சபையின் பேரறிஞர்களையும் இது உறுத்தியிருக்கிறது. துறவு மடத்திலிருந்து பாப்பரசர் பொறுப்புக்கு இழுத்துவரப்பட்ட பெரிய கிரகோரியார், மடத்து அமைதியை இழந்த ஏக்கத்தை வெளிப்படையாகவே எழுதினார். தியான வாழ்வு தன்னளவில் உயர்ந்தது என்று வைத்த தாமஸ் அக்குவினாஸ், தியானத்தில் பெற்றதைப் பிறருக்கு வழங்குவது அதனினும் சிறந்தது என்றார். அடைபட்ட கார்மேல் மடத்திலிருந்து எழுதிய அவிலா தெரேசாவோ, ஆண்டவருக்கு விருந்து வைக்க மார்த்தா, மரியா இருவரும் சேர்ந்தே வேண்டும் என்று முடித்தார்.

இவை உயர்ந்த சிந்தனைகள். ஆனால் விடிந்தால் எழுந்து முதலில் எதைச் செய்வது என்ற கேள்விக்குச் சிந்தனை மட்டும் விடை ஆகாது. அதற்கு நாளைப் பகுத்துத் தரும் ஒழுங்கு வேண்டும். மதுரைக்கு வந்த இரு குருக்களும் அப்படியொரு ஒழுங்கில் வளர்ந்தவர்கள்தான்.

இஞ்ஞாசியாரின் கணக்கு

1540இல் அங்கீகாரம் பெற்ற சேசு சபை, அதுவரை எந்தத் துறவு சபையும் துணியாத ஒன்றைச் செய்தது. துறவிகள் நாள்தோறும் பலமுறை கூடிப் பாடும் திருப்புகழ்மாலையைத் தன் விதியிலிருந்து எடுத்துவிட்டது. நோயாளி கூப்பிட்டால் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். சபைக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. ஸ்பெயினில் சிலர் நாளுக்குப் பல மணி நேரச் செபம் வேண்டும் என்று வாதாடினார்கள். தன்னலம் செத்த மனிதனுக்குக் கடவுளோடு ஒன்றக் கால் மணி நேரமே போதும் என்பது சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் நிலைப்பாடு. அவர் காலத்துக்குப் பின் சபைத் தலைவரான பிரான்சிஸ் போர்ஜியா நாளுக்கு ஒரு மணி நேரச் செபத்தைக் கட்டாயமாக்கினார்.

செபத்தின் நீளத்தைவிட இஞ்ஞாசியார் இறுகப் பிடித்துக்கொண்டது ஆன்ம சோதனை. நண்பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை சில நிமிடங்கள் அமர்ந்து, காலையிலிருந்து நான் யாரிடம் எப்படி நடந்துகொண்டேன், கடவுள் எங்கே குறுக்கிட்டார், நான் எங்கே நழுவினேன் என்று பார்ப்பது. நோயுற்றவர் வேறு எந்தச் செபத்தையும் விடலாம், இதை விடக் கூடாது என்பது மரபு. இதோடு ஆண்டுக்கு எட்டு நாள் மௌனத்தில் ஒதுங்கியிருப்பது. இதற்குப் பழைய தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் ‘ஞான ஒடுக்கம்’ என்று பெயர். ஆமை ஐந்து உறுப்பையும் உள்ளிழுப்பதுபோல ஒடுங்குதல். மறுபடி நடப்பதற்காக ஒடுங்குதல். தியானம் என்று இன்று பொதுவாகச் சொல்வதைவிட இது கூர்மையான சொல். இதை நாம் கைவிட்டிருக்க வேண்டாம்.

இஞ்ஞாசியாரின் நெருங்கிய துணைவர் ஜெரோனிமோ நதால் இந்த வாழ்வைச் செயலிலேயே தியானிப்பவர் வாழ்வு என்று வருணித்தார். அந்தச் சொற்றொடர் இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. பேசுகிறவர்களில் பலர் செயலே செபம் என்று அதைச் சுருக்கிக்கொள்கிறார்கள். நதால் சொன்னது அதுவல்ல. செயலுக்குள் கடவுளைக் காணும் கண் வேண்டுமானால், அந்தக் கண்ணை நாளுக்கு இருமுறையாவது கழுவ வேண்டும்.

சாத்திய கதவின் விலை

நொபிலியின் குடிசைக் கதவுக்குத் திரும்புவோம். அந்தக் கதவுக்குப் பின்னால் பெரும் உழைப்பு நடந்தது. தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் எனத் தமிழ் உரைநடைக்குப் புது வழி திறந்த நூல்களை எழுதினார். தத்துவ போதகர் என்று மக்கள் அவரை அழைத்தார்கள். மருந்தகத்தால் திறக்க முடியாத காதுகளை மௌனம் திறந்தது. துறவியை மதிக்கும் ஊரில் துறவியாக இருப்பதுதான் முதல் பேச்சு என்பதை அவர் கண்டுகொண்டார்.

ஆனால் அந்தக் கதவுக்கு ஒரு விலை இருந்தது. உயர்சாதித் துறவியாக அறியப்பட்ட அவர், தாழ்த்தப்பட்ட மக்களோடு பகலில் வெளிப்படையாகப் பழக முடியாது. அவருடைய தனிமை செபத்துக்கு வேலியானதோடு சாதிக்கும் வேலியாகிவிட்டது. தியான வாழ்வைப் போற்றி எழுதும் யாரும் இந்த உண்மையைத் தாண்டிப் போகக் கூடாது. எந்த அமைதியைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டியது, அந்த அமைதிக்காக வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பதைத்தான்.

மதுரை மறைப்பணி இதை உணர்ந்தது. 1640 வாக்கில் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசுவாமி வேடம் பூண்டார். பண்டாரங்கள் சைவ மரபில் எல்லாச் சாதியாரிடமும் போய்வரக்கூடிய துறவிகள். காவி அதேதான், புலால் மறுத்த உணவும் அதேதான். ஆனால் இந்தப் பண்டாரசுவாமிகள் குடிசையில் காத்திருக்காமல் ஊர் ஊராக நடந்தார்கள். எல்லாம் மாறிவிடவில்லை. சாதிப் பிரிவினை கோயிலுக்குள்ளும் தொடர்ந்தது, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துச் சுவராக இன்றும் நிற்கிறது. என்றாலும் துறவியின் கதவு திறந்து, துறவியே வெளியே வந்தார்.

அந்த வழியில் வந்தவர்தான் அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ. 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். 1670களின் நடுவில் மதுரை மறைப்பணிக்கு வந்தார். 1686இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி, விடுதலை பெற்று, ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். போர்த்துக்கல் அரசர் அவரை அங்கேயே நிறுத்திவைக்க விரும்பினார். லிஸ்பன் நகரத்திலும் மறவர் நாட்டுத் துறவியின் உணவையும் தரைப் படுக்கையையும் அவர் விடவில்லை என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1690இல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் வெட்டப்பட்டார். முந்திய நாள் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில் கலக்கம் இல்லை. வெட்டப்போகிறவனிடம் சிறிது நேரம் கேட்டு மண்டியிட்டுச் செபித்தார் என்கிறது மரபு. வாழ்நாள் முழுவதும் வேலைக்கு நடுவே சில நிமிடங்கள் ஒதுங்கிப் பழகிய மனிதர், சாவுக்கு முன்னும் அந்தச் சில நிமிடங்களைக் கேட்டு வாங்கியது எனக்கு இயல்பாகவே படுகிறது. ஓரியூரின் சிவந்த மணலை மக்கள் இன்றும் எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள்.

சருகணிச் சாமியார்

1773இல் சேசு சபை கலைக்கப்பட்டது. 1814இல் மீண்டும் உயிர்பெற்றது. 1830களின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மறைப்பணியைப் புதுப்பித்தார்கள். காலராவும் வெயிலும் பலரை இளமையிலேயே கொண்டுபோயின. அந்த வரிசையில் பிற்காலத்தில் வந்தவர் லூயி மரி லெவே. 1884இல் பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் பிறந்து, 1908இல் இந்தியா வந்தார். ஆண்டாவூரணி, இராமநாதபுரம், சருகணி என வறண்ட சீமையிலேயே வாழ்நாளைக் கழித்தார். 1973 மார்ச் 21இல் சருகணியில் இறந்தார். மருது சகோதரர்கள் தேர் கொடுத்ததாக மக்கள் பெருமையோடு சொல்லும் அதே சருகணிதான். லெவேயைத் திருச்சபை இன்று புனிதர் நிலைக்கான வழியில் வைத்து ஆராய்கிறது.

சிவகங்கைச் சீமை மக்களின் நினைவில் லெவே இரண்டு காட்சிகளாக வாழ்கிறார். ஒன்று, கையில் செபமாலை. நற்கருணைப் பேழைக்கு முன் முழந்தாளிட்ட நெடுநேரம். இன்னொன்று, ஊரணி வெட்டும் இடத்தில், கண்மாய் தூர்வாரும் இடத்தில், கூலிக்கு வந்த ஏழைகளோடு வெயிலில் நிற்கும் வெள்ளைத் தாடி. மழை பொய்த்த ஆண்டுகளில் சோறும் வேலையும் தண்ணீரும் ஒன்றாகக் கிடைக்கச் செய்தவர் என்பது அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. எது செபம், எது தொண்டு என்று பிரித்து அவர்கள் சொல்வதில்லை. செபமாலைச் சாமியார் என்பவர்களும் ஊரணி வெட்டிய சாமியார் என்பவர்களும் ஒருவரைத்தான் சொல்கிறார்கள்.

தமிழ் மரபுக்கு இது புதிதல்ல. உழவாரப்படையைத் தோளில் வைத்துக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய அப்பரின் நாவிலிருந்துதான் தேவாரமும் வந்தது. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலையின் அடுப்பை முதலில் மூட்டினார். 1872இல்தான் ஞானசபையின் விளக்கு ஏற்றப்பட்டது. சருகணிக்கு அருகிலேயே, குன்றக்குடி அடிகளார் மடத்தின் பெயரால் கிராம வளர்ச்சித் திட்டத்தை நடத்திக் காட்டினார். தவமும் தொண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்பதைத் தமிழர்களுக்கு நிரூபிக்கத் தேவையில்லை. எப்படி இருக்கின்றன என்பதுதான் ஆராயத்தக்கது.

குமிழித் தூம்பு

12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்து, இனிமைமிகு பாடலுக்கு எழுதிய மறையுரை ஒன்றில் இதற்கு ஓர் உவமை சொன்னார். அறிவுள்ளவன் வாய்க்காலாக இருக்கமாட்டான், நீர்த்தொட்டியாக இருப்பான் என்பது அதன் கருத்து. வாய்க்கால் வந்ததை உடனே கடத்திவிடுகிறது. தொட்டி நிறையும்வரை காத்திருந்து, வழிவதை மட்டும் கொடுக்கிறது. முதலில் நிறை, பிறகு வழி.

அழகான உவமை. ஆனால் மழை பெய்துகொண்டே இருக்கும் நாட்டின் உவமை. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர்பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாய் ஓரியூர் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அந்தச் சீமையில் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிவது எல்லா ஆண்டும் நடக்காது. வழிந்தால்தான் தண்ணீர் என்று காத்திருந்தால் பயிர் கருகிவிடும். ஆகவே பாண்டிய நாட்டுக் கண்மாய் வழிவதை நம்பியதில்லை, மடையை நம்பியது.

அந்த மடையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கரையிலிருந்து சற்றுத் தள்ளித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும், குறுக்கே கற்பலகைகள். அடியில், கண்மாயின் தரை மட்டத்தில், கல்லில் துளைகள். மேல்துளை நீரோடி, தெளிந்த நீர் போவது. கீழ்த்துளை சேறோடி, படிந்த வண்டல் வெளியேறுவது. அங்கிருந்து கரைக்கு அடியில் சுருங்கை வழியாக நீர் வயலுக்குப் போகும். துளையைக் கல்லால் அடைத்திருப்பார்கள். முறை வந்ததும், மடை திறக்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்மாயின் அடிவரை மூழ்கிப்போய், அந்தக் கல்லைத் தூக்க வேண்டும். மேலே குமிழி கிளம்பினால் மடை திறந்துவிட்டது என்று அர்த்தம். குமிழித் தூம்பு என்ற பெயர் அதனால்தான். மூடுவதற்கும் அவர் மறுபடி மூழ்கவேண்டும்.

மதுரை மறைப்பணி கண்ட விடையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. நெஞ்சு நிறைந்து வழியும்வரை தொண்டைத் தள்ளிப்போட வேண்டாம். அரைக் கண்மாய் நீரிலும் பயிர் காப்பாற்றலாம். ஆனால் மூழ்காமல் மடை திறக்காது. பெர்னாண்டஸின் மருந்தகத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அது பசித்த வயலுக்குப் பாய்ந்த நீர். நொபிலியின் ஒடுக்கத்தையும் குறைத்துச் சொல்லமாட்டேன். அது ஆழத்துக்குப் போன மூச்சு. அவற்றை இரண்டு வீடுகளாகப் பிரித்ததுதான் பிழை. அருளானந்தரும் லெவேயும் இரண்டையும் ஒரே நாளின் முறைகளாக்கிக்கொண்டார்கள். ஆன்ம சோதனை இந்த அமைப்பின் சேறோடி. தொண்டு செய்யச் செய்ய உள்ளே படியும் எரிச்சல், நான் செய்தேன் என்ற மிதப்பு, நன்றி சொல்லாதவர்மீது கசப்பு ஆகியவற்றை நாள்தோறும் வெளியேற்றாவிட்டால், எவ்வளவு பெரிய கண்மாயும் தூர்ந்து மேடாகிவிடும்.

இன்றைய மதுரையில்

இன்றைய பங்குக் குருவின் மேசையில் பள்ளித் தாளாளர் கோப்பும் கட்டட எஸ்டிமேட்டும் திருமணச் சான்றிதழும் ஒன்றாகக் கிடக்கின்றன. அருட்சகோதரி வகுப்பறையிலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து கணக்கு நோட்டுக்கும் ஓடுகிறார். இவர்கள் சோம்பேறிகள் அல்லர். கல் தூக்காமலே மடை திறக்கச் சொல்லி நாம் நெருக்குகிறோம். மறுபக்கம், தியான மையத்தில் கையுயர்த்திக் கண்ணீர்விட்டு வீடு திரும்பிய பிறகு, அடுத்த தெருவில் தனித்துக் கிடக்கும் கிழவியின் பெயரைக்கூட அறியாதவர்களும் உண்டு. அவர்கள் மூழ்கினார்கள், கல்லைத் தொடாமல் மேலே வந்துவிட்டார்கள்.

விடை தேட ரோமுக்குப் போகவேண்டியதில்லை. நம் பங்குகளில் வாரந்தோறும் கூடும் மரியாயின் சேனையைப் பாருங்கள். 1921இல் டப்ளினில் தொடங்கிய இந்தப் பொதுநிலையினர் இயக்கத்தின் முறை எளிமையானது. மேசையில் வெள்ளைத் துணி, மாதா சுரூபம், இரண்டு மெழுகுவத்தி, இரண்டு பூச்சாடி. முழந்தாளிட்டுச் செபமாலை. பிறகு எழுந்து உட்கார்ந்து, போன வாரம் செய்த வேலைக்கு ஒவ்வொருவரும் வாய்மொழியாகக் கணக்குச் சொல்ல வேண்டும்: ஆஸ்பத்திரியில் யாரைப் பார்த்தோம், எந்த வீட்டில் சண்டை தீர்ந்தது, யார் கதவைத் திறக்கவே இல்லை. வேலைக்குத் தனியாகப் போகக் கூடாது, இருவராகத்தான் போகவேண்டும். செபம் மட்டும் சொல்லிவிட்டு வேலை செய்யாதவர் செயல்படும் உறுப்பினர் ஆகமாட்டார். வேலை செய்துவிட்டுச் செபத்துக்கு வராதவரும் அப்படித்தான். பூக்கடைக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் சத்துணவு ஆயாவும் நதாலின் பெயரைக் கேள்விப்படாமலே அவருடைய வழியில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முழுநேரச் செபத்துக்கே தம்மைக் கொடுப்பவர்களும் வேண்டும். 1950இல் ஜூல் மொன்ஷானினும் ஹென்றி லெ சோவும் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தைத் தொடங்கியபோது, பள்ளியோ மருத்துவமனையோ கட்டுவது அவர்கள் நோக்கமல்ல. கடவுளுக்கு முன் சும்மா இருப்பதே அவர்கள் தேர்ந்த பணி. இதைத் தப்பித்தல் என்று சொல்ல முடியாது. 1927இல் பதினோராம் பயஸ் பாப்பரசர், மறைப்பணி நாடுகளுக்குப் பாதுகாவலராக இருவரை அறிவித்தார். ஒருவர் நம் முத்துக்குளித்துறையில் கை ஓய்ந்துபோகும் அளவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த பிரான்சிஸ் சவேரியார். இன்னொருவர் மடத்தைவிட்டு வெளியே வராமலே 24 வயதில் இறந்த லிசியே தெரேசா. சங்கிலித் தொடராக அமைந்த கண்மாய்களில் மேல்கண்மாயின் நீர் கீழ்க்கண்மாய்க்கு வந்து சேர்வதுபோல, ஒருவர் செபம் இன்னொருவர் கையில் வேலையாக வந்து சேர்கிறது.

ஒழுங்கு உடையும் வேளைகளும் உண்டு. செப நேரத்தில் ஏழை அழைத்தால் எழுந்து போ, கடவுளுக்காகவே கடவுளை விட்டுப் போகிறாய் என்பது வின்சென்ட் தெ பவுலின் போதனை. ஆனால் எழுந்து போவதற்கு முதலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மதுரைக்கு மேற்கே கருமாத்தூரில் 1970இல் தொடங்கிய கல்லூரிக்கு அருளானந்தரின் பெயர். அங்கே தத்துவமும் ஊரக வளர்ச்சியும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. கொன்சாலோ பெர்னாண்டஸும் தத்துவ போதகரும் பிரிந்து போன வீட்டை 360 ஆண்டுகளுக்குப் பிறகு யாரோ மறுபடி ஒன்றாகக் கட்டியதுபோல் எனக்குத் தோன்றும். இனி அந்த வீட்டைப் பிரிக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் மூச்சைப் பிடித்து ஒருமுறை மூழ்குவோம். அடியில் கல் இருக்கிறது. கரைக்கு அப்பால் பயிர் காத்திருக்கிறது.